பிக் பிடித்தால் பேஸ் ஆகாதா?



போன மாதம் இதே சுவரில் கைபேசி நல்லதா கெட்டதா என்று ஒரு கட்டுரை வந்தது. படித்துவிட்டு எல்லோரும் ரெண்டு நாள் சண்டை போட்டோம். இந்த மாதம் நான் எழுதுவதற்கும் யாராவது சண்டைக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஏன் என்றால் நானும் இப்போது ஒரு சண்டையில்தான் இருக்கிறேன். தமிழம்மா எனக்கு மட்டும் ரெண்டு தாள் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

என் சின்ன மாமா மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார்கள் என்று நம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரண கிட்டாரில் ஆறு கம்பி இருக்கும். பேஸ் கிட்டாரில் நாலுதான். ஆனால் ஒவ்வொன்றும் நல்ல தடிமன். கழுத்தும் நீளம். கம்பி அதிர்கிற நீளம் மட்டும் 34 அங்குலம். மேடையில் பாடுகிறவரை எல்லோரும் பார்ப்போம், கீபோர்டைப் பார்ப்போம், பேஸ்காரரை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அவர் நிறுத்திவிட்டால் பாட்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிடும். வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரிதான் பேஸ்.

கோயில் கொடை முடிந்ததும் மாமா கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அதுக்கப்புறம் குழுவில் பேஸ் வாசிக்க ஆள் கிடையாது. கீபோர்டிலேயே இடது கையால் பேஸ் வாசித்துச் சமாளிக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். வாசிக்க ஆள் இல்லாத கிட்டாரை எதற்கு வீட்டில் வைத்திருக்க வேண்டும், விற்றுவிடலாம் என்று ஆச்சி சொல்கிறார்கள். எனக்கு அதை விற்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, நான் வாசிக்க வேண்டும். முழுப் பரீட்சை லீவில் இருந்து மாமாவிடம் கற்றுக்கொண்டு வருகிறேன்.

ஒரு நாள் ஒத்திகை இடத்துக்கு மாமாவோடு போனேன். குழுவின் பெரியவர், கீபோர்டு அண்ணாச்சி, என்னை வாசிக்கச் சொன்னார்கள். நான் பாவாடைப் பையில் இருந்து பிக்கை எடுத்தேன். பிக் என்றால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கம்பியைத் தட்டுகிற சின்ன முக்கோணத் தகடு. நான் ஒரு கம்பிகூடத் தட்டவில்லை. அதற்குள் அண்ணாச்சி சொன்னார்கள்:

"ஏ பிள்ள, பிக்கு வச்சு அடிச்சா அது பேஸா? அது கிட்டாரு. பேஸுன்னா விரலு. விரலு வலிக்கும்னு பயப்படுதவங்கதான் பிக்கை எடுப்பாங்க. நகம் ஒடிஞ்சிரும்னு நெனைச்சியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணாச்சி பெரியவங்க, முப்பது வருஷமாக மேடை ஏறுகிறவங்க. அவங்க மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவங்க சொன்னது தப்பு என்பது என் கருத்து.

முதல் கேள்வி: பிக் சுலபமா?

மாமா எனக்குக் கற்றுக்கொடுக்கத் தேர்ந்தெடுத்தது ஒரு இங்கிலீஷ் பாட்டு. 'மணி' என்று பெயர். பணம் என்று அர்த்தம். இங்கிலாந்துக் குழுவான பிங்க் ஃப்ளாய்டு 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்ற ஆல்பத்தில் இருக்கிறது. பாட்டை எழுதியவர் ரோஜர் வாட்டர்ஸ். அந்தக் குழுவின் பேஸ்காரரும் அவர்தான். முதலில் கடையில் கல்லாப் பெட்டி திறக்கிற சத்தம், சில்லறை விழுகிற சத்தம், தாள் கிழிகிற சத்தம் இதெல்லாம் தாளம் மாதிரி வரும். அதுக்கப்புறம் பேஸ் தனியாக ஆரம்பிக்கும். வாட்டர்ஸ் பிக் பிடித்து வாசிக்கிறவர்.

என் பிக் கடையில் வாங்கினது இல்லை. அப்பாவுடைய தேதி முடிந்துபோன ஏ.டி.எம். அட்டையைக் கத்தரித்துச் செய்தது. அந்த அட்டைகள் எல்லாம் 0.76 மில்லிமீட்டர் தடிமன். கடையில் விற்கிற நடுத்தரப் பிக்கும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஓரத்தைத் திண்ணைச் சிமெண்டில் தேய்த்து வழவழப்பாக்கினேன். பணத்தைப் பற்றின பாட்டுக்கு ஏ.டி.எம். அட்டையிலேயே பிக்கா என்று மாமா சிரித்தார்கள்.

அந்த பேஸ் வரி மொத்தம் எட்டுச் சுரம்தான். அதே எட்டுதான் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அது விழுவது ஏழு எண்ணிக்கையில். நமக்குப் பழகின சினிமாப் பாட்டெல்லாம் பெரும்பாலும் நாலு, எட்டு என்று போகும். இது ஏழு. நான் நோட்டில் எழுதி வைத்திருப்பதை அப்படியே தருகிறேன். கம்பியை மெல்லிசான பக்கத்தில் இருந்து 1, 2, 3, 4 என்று எண்ண வேண்டும். கட்டம் என்பது கழுத்தில் இருக்கிற ஃப்ரெட்.

எண்ணிக்கை 1: மூணாவது கம்பி, 2-ஆம் கட்டம்.
எண்ணிக்கை 2: முதல் கம்பி, 4-ஆம் கட்டம். உடனே ரெண்டாவது கம்பி, 4-ஆம் கட்டம். (இங்கே மட்டும் ரெண்டு சுரம். முதல்ல வருவது கொஞ்சம் நீளம், அடுத்தது குட்டை.)
எண்ணிக்கை 3: மறுபடி மூணாவது கம்பி, 2-ஆம் கட்டம்.
எண்ணிக்கை 4: நாலாவது கம்பி, 2-ஆம் கட்டம்.
எண்ணிக்கை 5: நாலாவது கம்பி, 5-ஆம் கட்டம்.
எண்ணிக்கை 6: மூணாவது கம்பி, 2-ஆம் கட்டம்.
எண்ணிக்கை 7: மூணாவது கம்பி, 5-ஆம் கட்டம்.

எழுதினால் ஏழு வரிதான். வாசித்தால்தான் கஷ்டம் தெரியும். முதல் சுரம் மூணாவது கம்பி, அடுத்தது முதல் கம்பி. நடுவில் ரெண்டாவது கம்பியைத் தொடாமல் தாண்ட வேண்டும். விரலால் வாசிக்கிறவர்கள் ஒரு விரலை மூணாவது கம்பியிலும் இன்னொரு விரலை முதல் கம்பியிலும் முன்னாடியே தயாராக வைத்துக்கொள்ளலாம். பிக்குக்கு ஒரே முனை. அது பறந்து போய்ச் சரியான கம்பியில் இறங்க வேண்டும். போன வேகத்திலேயே ரெண்டாவது கம்பிக்குத் திரும்ப வேண்டும். முதல் வாரம் முழுவதும் நான் நடுக் கம்பியில்தான் இடித்துக்கொண்டிருந்தேன்.

அது மட்டும் இல்லை. பிக் கைக்குள்ளேயே சுற்றிக்கொள்ளும், வேர்வையில் நழுவும். இறுக்கிப் பிடித்தால் கை வலிக்கும், லேசாகப் பிடித்தால் கீழே விழும். முழங்கையை ஆட்டி வாசித்தால் சத்தம் கன்னாபின்னா என்று வரும். மணிக்கட்டை மட்டும் ஆட்ட வேண்டும். பிக்கின் முனை கொஞ்சமாகத்தான் வெளியே தெரிய வேண்டும். உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பி மாட்டியிருக்கிற அடிப்பக்கத்தில் லேசாக வைத்துக்கொண்டால்தான் சத்தம் கொழகொழ என்று ஓடாமல் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நிற்கும். தேவையில்லாத கம்பி அதிராமல் இடது கை விரலால் தொட்டு அடக்க வேண்டும்.

வலிக்குப் பயந்துதான் பிக் எடுத்தேன் என்கிறார்கள். கொப்புளம் இடது கையிலும் வரும். கம்பியை அழுத்துவது அந்தக் கைதானே? பிக் பிடித்தாலும் விரலால் வாசித்தாலும் இடது கைக்கு ஒரே வலிதான். நம்பாதவர்கள் மதிய இடைவேளையில் வந்து என் விரல் நுனியைத் தொட்டுப் பார்க்கலாம். நகத்தைப் பற்றிச் சொன்னார்களே, இடது கையில் நகம் வளர்த்தால் கம்பியை அழுத்தவே முடியாது. பேஸ் தொட்ட நாளில் இருந்து எனக்கு அந்தக் கையில் நகமே கிடையாது.

இரண்டாவது கேள்வி: விரல்தான் முறை என்று யார் சொன்னது?

இதை மாமாவிடம் கேட்டேன். மாமாவும் நானும் கைபேசியில் தேடிப் படித்தோம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய டபுள் பேஸ்தான். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் பிரிசிஷன் பேஸ் என்ற மின் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு இருக்கிற பேஸ் கிட்டார் எல்லாம் பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்ததுதான். அதில் ஆரம்ப காலத்தில் கம்பிகளுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சின்னக் கட்டை பொருத்தியிருந்தார்கள். எதற்குத் தெரியுமா? விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் மீட்டுவதற்கு! அப்படிப் பார்த்தால், செய்தவர் நினைத்த முறை ரெண்டு விரலும் இல்லை, பிக்கும் இல்லை. கட்டைவிரல்.

அமெரிக்காவில் மோட்டவுன் என்ற பாட்டுக் கம்பெனியின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும்தான் வாசிப்பாராம். அதனால் அந்த விரலுக்கே 'கொக்கி' என்று பட்டப்பெயர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி பல பாட்டுகளில் பிக் பிடித்தவர். யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்கொயர் 1971-ல் வந்த 'ரவுண்டபவுட்' பாட்டில் பிக்கால்தான் வாசித்திருக்கிறார். இவர்கள் யாரும் பேஸ் வாசிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? ஒருத்தர் கட்டைவிரல், ஒருத்தர் ஒற்றை விரல், ஒருத்தர் பிக். முறை என்று ஒன்று மேலே இருந்து விழவில்லை. அவரவர் காதுக்கு எது சரியாகக் கேட்டதோ அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது கேள்வி: சத்தம் ஒன்றா, வேறா?

"ரெண்டும் ஒரே சத்தம்தான், அதனால் எதில் வாசித்தால் என்ன?" என்று நான் வாதாட நினைத்தேன். அது பொய் வாதம் என்று மாமா காட்டிவிட்டார்கள். "நான் கண்ணை மூடிக்கிடுதேன். நீ விரலாலயும் வாசி, பிக்காலயும் வாசி. எது எதுன்னு சொல்லுதேன்" என்றார்கள். மாற்றி மாற்றி வாசித்தேன். ஒரு தடவைகூட மாமா தப்பாகச் சொல்லவில்லை. சத்தம் வேறுதான்.

ஏன் வேறு? நம்முடைய ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஒலிப் பாடம் இருக்கிறது. பேஸின் தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் ஒரு நொடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். மனிதக் காது 20-க்கு மேல்தான் கேட்கும் என்று படித்தோம். அப்படியென்றால் இது கிட்டத்தட்ட அடிமட்டம். ஆனால் கம்பி அந்த ஒரு அதிர்வு மட்டும் அதிராது. அதோடு சேர்ந்து அதன் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு என்று மேற்சுரங்களும் வரும். விரல் நுனி மெத்தென்று அகலமாக இருப்பதால் உயர்ந்த மேற்சுரங்கள் கொஞ்சம் அமுங்கிவிடும். சத்தம் உருண்டையாக வரும். பிக் கெட்டியாகவும் குறுகலாகவும் இருப்பதால் அவை நன்றாகக் கிளம்பும். அதனால்தான் ஒவ்வொரு சுரத்தின் ஆரம்பத்திலும் 'டக்' என்று ஒரு கூர்மை.

இப்போது நம் ஊர்க் கொடையை நினைத்துப் பாருங்கள். மரத்தில் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கரில் அடிமட்டச் சத்தம் சரியாக வராது. மேல்சத்தம்தான் வரும். உருண்டையான பேஸ் அதில் காணாமல் போய்விடும். டக் என்று ஆரம்பிக்கிற பேஸ் கொஞ்சமாவது காதில் விழும். மாமாவுக்கே இது புதுசாகப் பட்டது. "பதினஞ்சு வருஷமா வாசிக்கேன், பின்னால நிக்கவங்களுக்கு ஒண்ணும் கேக்கலன்னு சொல்லுவாங்க. இதை யோசிக்கவே இல்லையே" என்றார்கள்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெதுவான தாலாட்டு மாதிரிப் பாட்டுக்கு நான் பிக்கால் வாசித்தபோது நன்றாகவே இல்லை. தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்புகிற மாதிரி இருந்தது. அதற்கு விரல்தான் அழகு. அதனால் நான் விரலையும் பழகுவேன். விரல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாட்டு எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

தவில் தாத்தா சொன்னது

ஏழு எண்ணிக்கை எனக்குப் பிடிபடவே இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஆறிலேயே திரும்பிவிடுவேன். இல்லையென்றால் எட்டுக்குப் போய்விடுவேன். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் இல்லை. ஆம்ப் வேலை செய்யாது. கிட்டாரின் தலையை மரக் கதவில் ஒட்டி வைத்து வாசித்தால் கதவே அதிர்ந்து சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்கும். அப்படி வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் தவில் வாசிக்கிற தாத்தா போகிற வழியில் நின்றுவிட்டார்கள்.

"இது என்ன பாட்டு பிள்ள? நாலுக்குள்ள நிக்க மாட்டேங்குதே" என்று திண்ணையில் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பார்த்தார்கள். ரெண்டாவது சுற்றிலேயே, "ஏழு. த-கி-ட த-க-தி-மி. சொல்லிக்கிட்டே வாசி" என்றார்கள். மிஸ்ர சாபு தாளத்துக்கும் ஏழு எண்ணிக்கைதானாம். "பாட்டு வேற, போக்கு வேற. ஆனா ஏழு எங்க போனாலும் ஏழுதான்" என்றார்கள். எனக்கு அன்றைக்குத்தான் வழி திறந்தது. வாயால் தகிட தகதிமி சொல்லிக்கொண்டே வாசித்தேன். நாலாவது நாள் வாய் சொல்லாமலே கை தானாக முதல் சுரத்துக்குத் திரும்பியது. அந்தப் பாட்டின் நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடத்தில் எண்ணிக்கை நாலுக்கு மாறும். அப்புறம் திரும்ப ஏழுக்கு வரும். அந்தத் திருப்பத்தில் இன்னும் தடுமாறுகிறேன். ஆனால் அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா?

பிக் விஷயத்தைத் தாத்தாவிடமும் சொன்னேன். தாத்தா வலது கையை நீட்டிக் காட்டினார்கள். தவில் வாசிக்கும்போது அந்த விரல்களில் கெட்டியான கூடு மாட்டிக்கொள்வார்கள். இடது கையில் குச்சி. "கூடு போட்டுக்கிட்டு அடிக்கதால நான் தவில்காரன் இல்லன்னு எவனாவது சொல்லுவானா? வெறும் விரலால அடிச்சா கோயில் வாசல் வரைக்கும்கூடக் கேக்காது" என்றார்கள்.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நம் ஊரில் வில்லுப்பாட்டுக்காரர் வில்லைக் கையால் தட்டுவதில்லை, வீசுகோலால்தான் அடிக்கிறார். பறை அடிப்பவர் ரெண்டு கையிலும் குச்சி வைத்திருக்கிறார். ஒருத்தரையும் நாம் கையால் அடிக்கப் பயந்தவர் என்று சொன்னதில்லை. அதெல்லாம் சரி என்றால், பேஸுக்கு மட்டும் பிக் எப்படி ஏமாற்று வேலை ஆகும்?

கரோல் கே என்ற அம்மா

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரோல் கே. அமெரிக்காவில் 1935-ல் பிறந்தவர். ஏழ்மையான குடும்பம். 14 வயதிலேயே, அதாவது என் வயதில், மற்றவர்களுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். 1963-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பாட்டுப் பதிவுக்கு பேஸ்காரர் வரவில்லை. அங்கே கிட்டார் வாசிக்க வந்திருந்த இவரிடம் பேஸைக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்தவர்தான். அவர் வாசித்த பதிவுகள் சுமார் 10,000 இருக்கும் என்று சொல்கிறார்கள். தி பீச் பாய்ஸ் குழுவின் 1966-ஆம் வருஷத்து 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறார். 'மிஷன் இம்பாசிபிள்' இசை நமக்கெல்லாம் தெரியுமே, ஐந்து எண்ணிக்கையில் வருமே, அதிலும் அவர் பேஸ் உண்டு. 1969-ல் பேஸ் கற்றுக்கொள்வதற்கு ஒரு புத்தகமே எழுதினார்.

அவர் வாசித்தது எதனால் என்று நினைக்கிறீர்கள்? பிக்கால்தான்! அந்தக் காலத்து ஸ்டூடியோவில் சுற்றிலும் ஆண்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்தார். சத்தம் தெளிவாக வந்ததால் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். விரலா பிக்கா என்பதை விட, பாட்டுக்கு உதவுகிறதா என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்திருக்கிறது.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாமா குழுவில் சேர்ந்த புதுசில் சில பாட்டுக்கு பிக் பிடித்திருக்கிறார்களாம். அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லையாம். அப்படியென்றால் என்னிடம் சொன்னது பிக்கைப் பற்றித்தானா? அல்லது பிக்கைப் பிடித்த கையைப் பற்றியா? அண்ணாச்சி மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் பழி போடக் கூடாது. ஆனால் நகத்தைப் பற்றி மாமாவிடம் யாரும் கேட்டதில்லை. என்னிடம் மட்டும் கேட்டார்கள்.

தோழிகளே, இது பேஸ் கிட்டாருக்கு மட்டும் இல்லை. நாம் சைக்கிள் ஓட்டினாலும், கோலிக்குண்டு விளையாடினாலும், கணக்கை வேறு வழியில் போட்டாலும், "அது முறை இல்ல" என்று ஒருத்தர் சொல்வார். அப்போது சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழ வேண்டாம். என் மாதிரி மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். முறை என்று யார் வைத்தது? எப்போது வைத்தது? அதற்குக் காரணம் என்ன? காரணம் நல்லதாக இருந்தால் ஏற்றுக்கொள்வோம். மெதுவான பாட்டுக்கு விரல்தான் அழகு என்பதை நான் ஏற்றுக்கொண்ட மாதிரி. காரணமே இல்லை என்றால் நம் வேலையை நாம் பார்ப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவே அண்ணாச்சியிடம் பேசினார்கள். குழாய் ஸ்பீக்கர் விஷயத்தைச் சொன்னார்களாம். அண்ணாச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். அப்புறம், "வர்ற வாரம் ஒத்திகைக்குக் கூட்டிட்டு வா. ரெண்டு விதமாவும் வாசிக்கட்டும். கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார்களாம். மேடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிட்டாரை விற்பதைப் பற்றி ஆச்சியும் இந்த வாரம் பேசவில்லை. எனக்கு இப்போதைக்கு அது போதும். வாசிக்கிறதுக்கு முன்னாடியே தீர்ப்புச் சொல்லாமல், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்களே, நான் கேட்டதும் அவ்வளவுதான்.

என் கருத்து தப்பு என்று நினைப்பவர்கள் அடுத்த மாத இதழுக்கு மறுப்பு எழுதி வகுப்புத் தலைவியிடம் கொடுங்கள். கட்டாயம் படிப்பேன். ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். ஏழு எண்ணிக்கையில் வாசித்துக் காட்டுகிறேன். கேட்டுவிட்டு எழுதுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி.